திருநெல்வேலியிலிருந்து திருநெல்வேலிக்கு

ஜூலை 6, ஞாயிறு

தங்கும் வீட்டில் ஒரு கொப்பியை நீட்டினார்கள். பெயர், கடவுச்சீட்டு எண், ஊர். ஊர் என்ற இடத்தில் திருநெல்வேலி என்று எழுதினேன். வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "பிள்ளை, இந்த வீட்டு விலாசம் எனக்குத் தெரியும்தானே. உங்கடை ஊரை எழுதுங்கோ."

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பல்கலைக்கழகம் அங்கேதான். பேச்சில் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அது 'தின்னவேலி'தான். நான் தாமிரபரணிக்கரை தின்னவேலி என்று விளக்கியதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப நீங்கள் ஒரு இடமும் வரேல்லை" என்றார்.

'பிள்ளை' எனக்குப் பழக இரண்டு நாளாகும். எங்கள் ஊரில் அது பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டம். இங்கே பெரியவர்கள் எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வயது 36. பலாலி விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த ஓட்டோக்காரர் 2,500 ரூபாய் சொன்னபோதுகூட "2,500 தாங்கோ பிள்ளை" என்றார். பேரம் பேச வாய் வரவில்லை. நம் 1 ரூபாய்க்கு இங்கே மூன்றரை ரூபாய் என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்துச் சமாதானம் ஆனேன்.

வெயில் எங்கள் ஊர் வெயில்தான். ஆனால் காற்று விடாமல் அடிக்கிறது. சோளகம் என்றார் அம்மா. பனையோலைச் சத்தத்தில் மழை வந்துவிட்டது என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுக்க இரண்டு முறை ஓடினேன்.

இரவுக்குப் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். எங்கள் வீட்டுப் புட்டில் சீனியும் பழமும் இருக்கும். இதில் உறைப்பு.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி. ஈழத்துத் திறனாய்வு என்றால் இரண்டு பெயரும் ஒரே மூச்சில் வரும். எங்கள் பக்கத்தில் மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலையின் 'ஆராய்ச்சி' இதழ்களைப் புரட்டித்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. இருவரின் நூல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் ஆசை அவர்களின் சிநேகிதத்தைப் பற்றி எழுதுவது. கைலாசபதி பீக்கிங் பக்கம், சிவத்தம்பி மாஸ்கோ பக்கம். அறுபதுகளில் கம்யூனிஸ்ட் கட்சி சீனா பக்கம், சோவியத் பக்கம் என்று பிளந்தபோது எத்தனையோ பேர் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இவர்கள் எப்படிக் கடைசிவரை சிநேகிதர்களாக இருந்தார்கள்? ஏதாவது ஒரு கடிதம் கிடைக்காதா என்று வந்திருக்கிறேன்.

மேலே தேதியை எழுதும்போதுதான் உறைத்தது. சிவத்தம்பி இறந்தது 2011 ஜூலை 6. விமானச்சீட்டு எடுக்கும்போது இதை யோசிக்கவே இல்லை.

ஜூலை 7, திங்கள்

காலையில் பல்கலைக்கழகம். நடந்தே போய்விட்டேன். உள்ளே சிவன் கோயில், அதன் கோபுரம், பழைய கட்டடங்கள். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இது. 1974இல் இங்கே பல்கலைக்கழக வளாகம் வந்தபோது முதல் தலைவராக வந்தவர் கைலாசபதி. அப்போது அவருக்கு 41 வயது. நான் இன்னும் தற்காலிகப் பணியில் இருக்கிறேன் என்பதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

கைலாசபதி கலையரங்கின் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ ஒத்திகை. ஒரே வசனத்தை ஒரு பையன் 7 முறை சொன்னான், 7 முறையும் திட்டு வாங்கினான். சிவத்தம்பி இருந்திருந்தால் ரசித்திருப்பார். நாடகம் அவருடைய உயிர். வானொலியில் 'விதானையார் வீட்டில்' நடித்தவர், ஆய்வுப் பட்டத்துக்கும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்றே தலைப்பு எடுத்தவர்.

இதில் ஒன்று என்னை நெடுநாளாகப் பிடித்து வைத்திருக்கிறது. இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் பர்மிங்காம் போய் ஒரே ஆசிரியரிடம் படித்தார்கள். ஜார்ஜ் தாம்சன், கிரேக்க இலக்கியப் பேராசிரியர், மார்க்சியர். கைலாசபதி 1966இல் முடித்தார். சங்கப் பாடல்களை ஹோமரோடு வைத்து, பாணர்கள் வாய்மொழியாகக் கட்டிய பாட்டு எப்படி இயங்கும் என்று பார்த்தார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வந்தது. சிவத்தம்பி 1970இல் முடித்தார். அவர் எடுத்துக்கொண்டது நாடகத்தின் பக்கம். காவியம் ஒருவருக்கு, கூத்து மற்றவருக்கு. அண்ணன் தம்பி வயலைப் பிரித்துக்கொள்வதுபோல, ஆனால் வரப்புச் சண்டை இல்லாமல்.

வெளியே போட்டோக் கொப்பிக் கடையில் பக்கத்துக்கு 10 ரூபாய். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மூன்று மாணவர்கள். என் கையிலிருந்த நூலைப் பார்த்துவிட்டு ஒருவன், "அக்கா, இவையள்தானே எஸ்.பொ.வை ஓரங்கட்டினவை?" என்று ஆரம்பித்தான். எஸ்.பொ.வைப் போலவே முற்போக்கு அணியோடு முரண்பட்ட எழுத்தாளர் மு. தளையசிங்கத்தை இன்னொருவன் சேர்த்துக்கொண்டான். மூன்றாமவள் இரண்டு பேரையும் பார்த்து, "முதல்லை வாசியுங்கோடா" என்றாள். 60 வருடச் சண்டை, ரோல்ஸ் ஆறும்வரை நடந்தது. எனக்கு அந்தப் பையன்கள் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. முற்போக்கு என்ற அளவுகோலுக்குள் அடங்காத எழுத்தை அந்த இருவரும் தாராளமாக வாசித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

காசு கொடுக்கப் போனால், "அந்த அக்கா குடுத்திட்டா" என்றார் கடைக்காரர். அந்தப் பெண் அதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

மோசமான நாள். ஒரு நூலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை. பழைய இதழ்க் கட்டுகளைப் பார்க்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். இருக்கிறது என்று நீட்டினேன். கடிதத்தில் முத்திரை இல்லை. மின்னஞ்சலில் வந்தது, முத்திரை எப்படி இருக்கும்? "முத்திரை வேணும்." எங்கள் துறைக்குப் போன் போட்டு, முத்திரை குத்தி, படம் எடுத்து, வாட்ஸப்பில் வாங்கி, அதை அச்செடுக்க 20 நிமிடம் நடந்து, திரும்பி வந்தால், பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து கட்டை எடுத்துத் தரும்போது மணி 3. நான் தேடிய ஆண்டு அந்தக் கட்டில் இல்லை. "சிலது பைன்டிங்குக்குப் போயிருக்கும்" என்றார். எப்போது போனது? "நான் வாறதுக்கு முந்தி."

ஆனால் யாரும் குரலை உயர்த்தவில்லை. அத்தனை தடவையும் "இருங்கோ", "குறை நினையாதேங்கோ". கோபப்படக்கூட முடியாத மரியாதை.

மிச்ச நேரத்தில் பொது நூலகம். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி. 1981 ஜூன் 1 அதிகாலை இது எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அதே நாள்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு கைலாசபதி 18 மாதம்தான் இருந்தார். 1982 டிசம்பர் 6, வயது 49. வாசிப்பு மண்டபத்தில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். மேலே மின்விசிறி, ஜன்னலில் காற்று. பக்கம் பறக்காமல் இருக்க ஒரு சிறுமி கணக்குப் புத்தகத்தின் மேல் தன் சோற்றுப் பெட்டியை வைத்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிடாததை இரவு கொத்துரொட்டியில் தீர்த்தேன். கடையில் இரும்புத் தகட்டில் போடும் தாளம் எங்கள் ஊர் புரோட்டாக் கடையை அப்படியே கொண்டுவந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

கரவெட்டி. சிவத்தம்பி பிறந்த ஊர். 750ஆம் இலக்கப் பேருந்தில் நெல்லியடியில் இறங்கவேண்டும். வழியில் வல்லை வெளி. திடீரென்று வீடு, பனை, மதில் எல்லாம் நின்றுபோய்ப் பரந்த உப்பு வெளியும் காற்றும் மட்டும். பேருந்துக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த வெளி முடியும்வரை பேச்சை நிறுத்திவிட்டார்கள். காற்றுச் சத்தத்தில் கேட்காது என்பதுதான் காரணம், ஆனால் பார்க்க வேறு மாதிரி இருந்தது.

நெல்லியடியில் இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. சந்தியில் செருப்புத் தைப்பவர் 100 ரூபாய் வாங்கினார். "இந்தியாச் செருப்போ?" என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு 50 ரூபாய் குறைத்திருக்கலாம்.

விக்னேஸ்வராக் கல்லூரியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, முன்பே சொல்லிவைத்திருந்த ஓர் இளைப்பாறிய ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். வயது 80க்கு மேல். பெயர் போடவேண்டாம் என்றார். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, பக்கத்தில் ஸ்டூல், அதன் மேல் எனக்காக எடுத்துவைத்த ஒரே ஒரு புத்தகம். தேத்தண்ணி வந்தது. சீனி இல்லை, தட்டில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. நான் பனங்கட்டியைத் தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டேன். அவர் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார்.

சிநேகிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அதை அவையளிட்டை எல்லோ கேக்கவேணும்" என்றார். சரி, கடிதம் ஏதும்? "ஒரே ஊருக்குள்ளை இருந்து ஒரே இடத்திலை படிப்பிச்சவை என்னத்துக்குப் பிள்ளை கடிதம் எழுதினம்?"

நான் ஏன் இதை யோசிக்கவில்லை? பேராதனையில் ஒன்றாகப் படித்தார்கள், பிறகு கொழும்பு. கைலாசபதி 'தினகரன்' ஆசிரியர், சிவத்தம்பி நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எழுபதுகளின் கடைசியில் மறுபடி யாழ்ப்பாணத்தில் ஒரே வளாகம். கடிதம் எழுதத் தேவையான தூரம் அதிகமாக இருந்ததே இல்லை. ஒரு கடிதத்துக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறேன்!

இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கைலாசபதியும் கவிஞர் இ. முருகையனும் 'கவிதை நயம்'. சிவத்தம்பியும் அ. மார்க்சும் 'பாரதி மறைவு முதல் மகாகவி வரை'. இவர்கள் இருவர் பெயரும் அட்டையில் சேர்ந்து நிற்கும் ஆய்வு நூலை என் கண் கண்டதில்லை. தினமும் பேசுகிறவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லையோ என்னவோ.

அப்புறம் அந்தப் புத்தகம். 'தமிழ் நாவல் இலக்கியம்', 1968. திறந்ததும் மண் வாசனை. கீழ் மூலையில் கறையான் புகுந்து, சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை, ஏறக்குறைய கடைசிவரை அதே இடத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி இரண்டு மூன்று வரிகளில் ஓரிரு சொற்கள் போயிருந்தன. போன ஒவ்வொரு சொல்லும் ஓட்டைக்குப் பக்கத்து வெள்ளையில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. சின்ன, சாய்ந்த, சீரான எழுத்து. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பக்கம்கூட விடவில்லை.

"நீங்களா எழுதினது ஐயா?"

"புத்தகம் என்ரை. எழுத்து அவன்ரை." கொக்குவிலில் இருக்கும் ஒரு சிநேகிதர். இவரோடு ஒன்றாகப் படிப்பித்தவர். தன்னிடம் இருந்த பிரதியைப் பார்த்து, 84இலோ 85இலோ, ஊரடங்குக் காலத்தில் ஒரு மாதம் இருந்து நிரப்பிக் கொடுத்தாராம். "நான் பீக்கிங், அவன் மாஸ்கோ" என்றார். சிரிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் செய்தி.

பிறகு புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தைக் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்து நீட்டினார். ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலில் 'ஆனால்' என்று இருந்தது. அதற்கு மேல் வேறு கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி.

"இந்த 'ஆனால்' கைலாஸ் எழுதினதோ, அவன் போட்டதோ எண்டு எனக்கு 40 வருசமாச் சந்தேகம்."

வேறு பிரதியில் பார்த்திருக்கலாமே? "பாத்தால் அவனைச் சந்தேகப்பட்டதாப் போயிடும்." ஈழத்து நூல்களை மின்படியாக வைத்திருக்கும் 'நூலகம்' வலைத்தளம் பற்றிச் சொன்னேன். கையை அசைத்துவிட்டார். பக்க எண்ணை நான் குறித்துக்கொண்டதைப் பார்த்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது பருத்தித்துறை வடை ஒரு பொட்டலம் தந்தார். தட்டை, மொறுமொறுப்பு, நல்ல உறைப்பு. வல்லை வெளி வருவதற்குள் பாதி காலி.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. இங்கே போயா விடுமுறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நாள்காட்டியில் சிவப்பாக இருந்ததை நானும் பார்க்கவில்லை. இரண்டாவது முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டு போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கார அம்மா, "கேட்டிருக்கலாமே பிள்ளை" என்று கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை அறுத்து வைத்தார். தோல் பச்சை, உள்ளே கடும் மஞ்சள், நார் இல்லை. எங்கள் ஊர் மாம்பழத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

மாலையில் கொக்குவில். மற்றச் சிநேகிதர். வீடு சின்னது. புத்தக அலமாரி ஒன்று, அதில் மருந்துப் போத்தல்களும் ஒரு ரேடியோவும்.

1995 அக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் யாழ்ப்பாண நகரும் சுற்று ஊர்களும் சேர்ந்த வலிகாமமே ஊரைவிட்டுக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இவரும் நடந்தார். மழை. சைக்கிளில் எதை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். ஆராய்ச்சிக்காரியின் ஆசைதான், ஒரு நூலாவது சொல்வார் என்று.

"அரிசி. மண்ணெண்ணெய் அடுப்பு. அம்மாவை இருத்த ஒரு பாய்." கொஞ்சம் நிறுத்தி, "புத்தகம் ஒண்டும் எடுக்கேல்லை. எடுத்தெண்டு சொல்லுறவை சில பேர் இருக்கினம். நான் எடுக்கேல்லை" என்றார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலமாரி மட்டும் நின்றது.

அப்படியானால் அந்தக் 'தமிழ் நாவல் இலக்கியம்'? அதுவும் போனது. கரவெட்டிப் பிரதியின் ஓரத்தில் பென்சிலில் இருப்பதுதான் அதில் மிச்சம். "ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறன் எண்டு கேட்டனான். தரமாட்டன் எண்டிட்டான். தந்தால் நான் அழிச்சு வேறை எழுதிப்போடுவனாம்."

'ஆனால்' விஷயம் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

சிவத்தம்பியின் எழுத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கைலாசபதி நேர்ரோட்டில் போவார். சிவத்தம்பி ஒவ்வொரு சந்தியிலும் இறங்கி விசாரித்துவிட்டுப் போவார். அவருடைய வாக்கியம் ஒன்று முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும் என்று நான் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் சொல்லுற விசயம் அப்பிடி. சுருக்கினால் பொய்யாப் போகும்." 'தமிழில் இலக்கிய வரலாறு' மாதிரி ஒன்றை வேறு யார் யோசித்தார்கள் என்று கேட்டார். இலக்கிய வரலாற்றை எழுதுவதற்கு முன்னால், இதுவரை எழுதியவர்கள் எந்தக் கண்ணோடு எழுதினார்கள் என்று பார்த்த நூல் அது. நியாயமான கோபம். நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இரண்டாவது தேத்தண்ணியை ஆறுவதற்குள் குடித்தேன். பனங்கட்டியைக் கடித்துக் குடித்தேன்.

கைலாசபதி போன பிறகு சிவத்தம்பி 29 வருடம் இருந்தார், அதில் பெரும்பகுதி போர் என்றேன். "ஓம். கதைக்க ஆளில்லாமல்" என்றார். இவர் தன்னைச் சொன்னாரா அவரைச் சொன்னாரா தெரியவில்லை. கரவெட்டிக்கு இவர் கடைசியாகப் போனது இரண்டு வருடத்துக்கு முன். முழங்கால் வலி.

ஜூலை 11, வெள்ளி

நூலகம் திறந்திருந்தது. முத்திரை செல்லுபடியானது. கட்டு மட்டும் வரவில்லை. பூபாலசிங்கம் புத்தகசாலையில் நான்கு நூல் வாங்கினேன், பை எடை கூடிவிட்டது. சாயங்காலம் நல்லூரில் ஐஸ்கிரீம், கோயில் வீதியில் ஒரு சுற்று. காற்று மணலை அள்ளிக் கண்ணில் போட்டது. திருவிழாவுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது, அதற்குள் வீதியில் பேச்சு அதைப் பற்றித்தான்.

இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த நூலின் மின்படியைப் போனில் திறந்தேன். குறித்துவைத்த பக்கம், கடைசி வரிக்கு முந்தின வரி. பெரிதாக்கிப் பார்த்தேன்.

9 மணிக்குப் போன் வந்தது. கரவெட்டி. நலமா, சாப்பிட்டீங்களா, நாளைக்கு எத்தனை மணிக்கு விமானம், வடை காணாட்டால் இன்னும் அனுப்பலாம். நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில்தான் கேட்டார்.

"பாத்தனீங்களோ?"

"பார்த்தேன் ஐயா. 'ஆனால்'தான்."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பக்கத்துப் பனையா, என் ஜன்னலா தெரியவில்லை.

"அப்ப அவன் சரியாத்தான் எழுதியிருக்கிறான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை."